காளவாய்த் தெருவுக்கு வந்த அறுபதாம் கல்யாணம்

ஊர்களுக்கு எல்லைக்கல் நடுவதற்கு முன்பே ராஜாக்களுக்குத் தொந்தி வந்துவிட்ட காலம் அது. சுதைமங்கலம் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரு ராஜா. பெயர் குண்டலவர்மன். உட்கார்ந்திருப்பவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், நிற்பவர்கள் நின்று கேளுங்கள், தூக்கம் வருகிறவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு கேளுங்கள். கதை கோபித்துக்கொள்ளாது.

குண்டலவர்மனுக்குப் போர் பிடிக்காது. குதிரை பிடிக்காது, குதிரைக்கும் அவரைப் பிடிக்காது. கல்யாணச் சாப்பாடு மட்டும் உயிர். ஆனால் ஊரில் தினமும் கல்யாணம் நடக்குமா? ராஜா யோசித்து யோசித்து ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்.

யாருக்கு அறுபது வயது முடிகிறதோ, அவருக்கு அரண்மனைச் செலவில் அறுபதாம் கல்யாணம். அதே கிழவர் அதே கிழவிக்கு இன்னொரு தடவை தாலி கட்டவேண்டும். ராஜாவே வந்து தம்பதி தலையில் கலசத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிய கையோடு பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துவிடுவார். கிழவிக்குத் தலை துவட்டத் துணி வந்ததா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

அந்த வழக்கத்துக்கு ஒரு வால் இருந்தது. தாலி கட்டியாகிவிட்டது என்றால் அவர்கள் புதுமணத் தம்பதி. புதுமாப்பிள்ளையை யாராவது வேலை வாங்குவார்களா? புதுப்பெண்ணைச் சுள்ளி பொறுக்க அனுப்புவார்களா? அது மரியாதையா? ஆகவே அறுபதாம் கல்யாணம் முடிந்தவர்களிடம் யாரும் வேலை வாங்கக் கூடாது. அரண்மனை மடப்பள்ளியிலிருந்து தினமும் சுடுசோறும் குழம்பும் வீடு தேடி வரும். மழைக்கு முன்னால் கூரை மாற்றித் தருவார்கள். அமாவாசைக்கு அமாவாசை வைத்தியர் வந்து நாடி பிடித்துப் பார்ப்பார். சாகும்வரை இந்த உபசாரம்.

ஒரு நாள் ராஜா வெற்றிலை போட்டுக்கொண்டே மந்திரியிடம் கேட்டார்.

"மந்திரி, மேலத்தெருவில் சாப்பிட்டிருக்கிறேன். கடைத்தெருவில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் காளவாய்த் தெருவில் மட்டும் ஒரு தடவைகூட என் இலை விழவில்லையே. அவர்களுக்கு என்மேல் ஏதாவது வருத்தமா?"

"வருத்தமெல்லாம் இல்லை மகாராஜா. அங்கே யாருக்கும் அறுபது வயது ஆனதில்லை."

"ஆனதே இல்லையா?"

"அதற்குள் போய்விடுகிறார்கள்."

"எங்கே?"

மந்திரி மேலே கையைக் காட்டினார். ராஜா அண்ணாந்து பார்த்தார். உத்தரத்தில் ஒரு பல்லி இருந்தது.

காளவாய்த் தெரு எது என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிழக்கே, காற்று எந்தப் பக்கம் புகையைத் தள்ளுமோ அந்தப் பக்கம் இருந்த தெரு. அங்கே கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிக் காளவாயில் சுடுவார்கள். சுட்டதைத் தண்ணீர் தெளித்து நீற்றிச் சுண்ணாம்பு ஆக்குவார்கள். ராஜாவின் சுவர், கோயிலின் கோபுரம், மேலத்தெருவின் மாடி, எல்லாம் அந்தச் சுண்ணாம்புதான். விடியும் முன் போனால் இருட்டியபிறகுதான் கங்காணி விடுவான். கண் எரியும், தொண்டை எரியும், கால்விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். திரும்பி வரும்போது அடுப்பில் பூனை படுத்திருக்கும். வழியில் கள்ளுக்கடை இருக்கும். ஒரு மொந்தை இறங்கினால் எரிகிற இடமெல்லாம் கொஞ்ச நேரம் யாரோ வேறு ஆளுடையது ஆகிவிடும்.

"குடிக்கிறார்கள் மகாராஜா, அதனால்தான் சாகிறார்கள்," என்றார் மந்திரி.

"என் தாய்மாமன் மழவராயரும்தான் குடிக்கிறார்," என்றார் ராஜா. "தினம் ஒரு மொந்தை. விசேஷ நாளில் இரண்டு. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நேற்றுகூடப் பந்தியில் என் அப்பளத்தைத் திருடினார்."

மந்திரி யோசித்தார். மேலத்தெருக் கிழவர்கள் எல்லோருமே குடித்தார்கள். அதே பனை, அதே கள், அதே மொந்தை. அவர்கள் எண்பதிலும் அப்பளம் திருடினார்கள். காளவாய்த் தெருக்காரன் ஐம்பதிலேயே பாடையில் ஏறினான்.

"இது என்ன மர்மம்? கூப்பிடு வைத்தியரை!" என்றார் ராஜா.

அரண்மனை வைத்தியர் பெயர் சீந்திலார். கெட்டவர் இல்லை. எதையும் விசாரிக்காமல் சொல்லமாட்டார். விசாரித்துவிட்டு, அதற்குச் சம்பந்தமில்லாமல் சொல்வார்.

காளவாய்த் தெருவில் மொக்கையன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி கூத்தாயி. வருகிற தை மாதத்தில் மொக்கையனுக்கு அறுபது. தெருவே அவனை அதிசயமாகப் பார்த்தது. அந்த வயதில் அங்கே வேறு ஆளே இல்லை. அவன் நடந்தால் நெஞ்சுக்குள் கிளிஞ்சல் மூட்டை குலுங்குகிற மாதிரி சத்தம் வரும். கூத்தாயி அவனை அடைகாக்கிற கோழி மாதிரி காத்தாள். அவன் தும்மினால் ஓடி வருவாள். தும்மாவிட்டாலும் ஓடி வருவாள்.

"இந்தாய்யா, தை மாசம் வரைக்கும் சாகாம இரு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

"நானாடி சாகப்போறேன்? அதுவா வந்தா நான் என்ன சொல்ல?"

"வீட்ல கல்யாணம் இருக்கு, முடிஞ்சு வான்னு சொல்லு."

"அதுக்கும் ஒரு இலை போடச் சொல்லும்டி."

இப்படி அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சீந்திலார் விசாரணையைத் தொடங்கினார்.

முதலில் மேலத்தெருவுக்குப் போனார். வீடு வீடாகக் கேட்டார். குடித்துக்கொண்டிருந்த கிழவர்கள் எல்லோரும் திடமாக இருந்தார்கள். குடியை நிறுத்திய கிழவர்கள் எங்கே என்று கேட்டார். நிறுத்தியவர்கள் எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள். மஞ்சள்காமாலையில் படுத்து, வயிறு வீங்கி, ஒரு வாய்கூட இறங்காது என்ற நிலையில் நிறுத்தியவர்கள் அவர்கள். அதைச் சீந்திலார் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது பலகாரம் வந்துவிட்டது.

ஓடிவந்து ராஜாவிடம் சொன்னார்.

"கண்டுபிடித்துவிட்டேன் மகாராஜா! கள்ளை நிறுத்தினால் ஆள் போய்விடுகிறான். காளவாய்த் தெருக்காரர்கள் கூலி கிடைத்த அன்று குடிக்கிறார்கள், கிடைக்காத அன்று நிறுத்துகிறார்கள். நிறுத்தி நிறுத்தியே சாகிறார்கள்!"

"ஐயோ பாவம்!" என்றார் ராஜா. உடனே உத்தரவு போட்டார். காளவாய்த் தெருவில் யாரும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கள் அரண்மனைச் செலவு.

விடிந்ததும் முரசு வரும். முரசுக்குப் பின்னால் கள் வண்டி வரும். வெறும் வயிற்றில் வரிசையாக நின்று குடிக்கவேண்டும். குடித்துவிட்டுக் காளவாய்க்குப் போகவேண்டும். நெருப்புக்கு மேலே வாரைப் பலகையில் நடக்கிற வேலை அது. நிதானத்தோடு நடந்தாலே கால் பதறும். முதல் வாரத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள், எழுந்திருக்கவில்லை. மொக்கையனும் விழுந்தான். அவன் விழுந்தது நல்லவேளையாக ஆறிப்போன சுண்ணாம்புக் குழியில். தூக்கியபோது வெள்ளையடித்த அம்மி மாதிரி இருந்தான்.

"என்னய்யா இது?" என்று அலறினாள் கூத்தாயி.

"ராஜா வைத்தியம்," என்றான் மொக்கையன். "கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கு."

சீந்திலார் மனம் தளரவில்லை. ராஜாவின் மாமா மழவராயர் வீட்டுக்கே போய், அவர் குடிப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்தார். மழவராயர் வெள்ளிக் கிண்ணத்தில் குடித்தார்.

"கிண்ணம்! கிண்ணம்!" என்று கத்திக்கொண்டே சீந்திலார் அரண்மனைக்கு ஓடினார். வழியில் செருப்பு ஒன்று கழன்றது. அதை எடுக்கவில்லை.

அடுத்த உத்தரவு வந்தது. காளவாய்த் தெருவில் எல்லோருக்கும் வெள்ளிக் கிண்ணம். ஆனால் வெள்ளியாயிற்றே. கொண்டுபோய் விற்றுவிட்டால்? தெரு முனையில் ஒரு கல்தூண் நட்டு, கிண்ணங்களைச் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டினார்கள். சங்கிலி செய்கிறவன் இரும்பை மிச்சம் பிடித்துவிட்டான். எல்லாம் குட்டைச் சங்கிலி. குனிந்து, மண்டியிட்டு, தலையைச் சாய்த்துத்தான் குடிக்க முடிந்தது. காளவாய்த் தெரு மொத்தமும் தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி நின்றது. பக்கத்தில் காவலன் ஒருவன் ஈட்டியோடு நின்றான்.

"இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் சீந்திலார்.

"கழுத்து புடிச்சுக்கிச்சு சாமி," என்றான் மொக்கையன்.

"அது விஷம் இறங்குகிறது."

அந்த மாதமும் பாடைகள் போயின. மொக்கையன் இருமினால் இப்போது பக்கத்து வீட்டுக் கோழி கூடையைவிட்டு வெளியே ஓடியது. கூத்தாயி விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். தை இன்னும் தூரத்தில் இருந்தது.

மூன்றாவது தடவை விசாரிக்கச் சீந்திலார் மறுபடி மழவராயர் வீட்டுக்குப் போனபோது அங்கேயே நாள் முழுக்கத் தங்கிவிட்டார். மழவராயர் காலையில் வெயில் ஏறியபிறகு எழுந்தார். இட்டலி சாப்பிட்டார். மதியம் நெய் ஊற்றிப் பருப்பு, மோர்க்குழம்பு, வாழைக்காய் வறுவல். சாப்பிட்டுத் தூங்கினார். எழுந்து குளித்தார். பிறகு திண்டில் சாய்ந்துகொண்டு, ஒருவன் விசிறிவிட, ஒரு தட்டு முறுக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மொந்தைக் கள்ளைச் சாயங்காலம் முழுக்கக் குடித்தார்.

சீந்திலார் எல்லாவற்றையும் கூர்ந்து கவனித்தார். திண்டைக் கவனித்தார். விசிறியைக் கவனித்தார். விசிறுகிறவனின் மீசையைக்கூடக் கவனித்தார். நெய்ச்சோறும் முறுக்கும் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அவை அப்போது அவர் வாயில் இருந்தன.

"சாய்ந்துகொண்டு குடிக்கவேண்டும்! விசிறவேண்டும்!" என்றார் ராஜாவிடம்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்று ராஜா தலையில் அடித்துக்கொண்டார். கிண்ணங்களின் சங்கிலியை அவிழ்த்தார்கள், காளவாய்த் தெருவுக்கு வண்டி வண்டியாகத் திண்டுகள் போயின. அரண்மனை விசிறிக்காரர்கள் வரிசையாகப் போனார்கள். கிண்ணம் காலியாகும்வரை ஒவ்வொருத்தனுக்கும் ஒரு திண்டு, ஒரு விசிறி. காலியானதும் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்கு.

பிறந்ததிலிருந்து திண்டில் சாயாத உடம்பு. சாய்ந்ததும் என்ன ஆகும்? தெருவே குறட்டை விட்டது. எழுப்பினால் எழவில்லை. அடித்தால் புரண்டு படுத்தது. காளவாய் அணைந்துபோயிற்று. கங்காணி வந்து, வேலைக்கு வராதவனுக்குக் கூலியில்லை என்றான். கூலியில்லை, அதனால் கஞ்சியில்லை. கள் மட்டும் தவறாமல் வந்தது. உத்தரவாயிற்றே.

அந்த வாரத்தில் மொக்கையன் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கால் வீங்கியது. கண் மஞ்சளாயிற்று. ஒரு வாய் கஞ்சி கொடுத்தால் பாதி வெளியே வந்தது.

"புள்ள," என்றான். "தை மாசத்தைக் கொஞ்சம் முன்னாடி இழுக்க முடியுமா?"

கூத்தாயி அவன் வாயைத் துடைத்துவிட்டாள். சுண்ணாம்புக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கூத்தாயிக்குக் காளவாய் வேலையோடு இன்னொரு வேலையும் உண்டு. மேலத்தெருவில் யாருக்கு அறுபதாம் கல்யாணம் என்றாலும், பந்தல் போடும் முன் சுவருக்கு வெள்ளையடிக்க அவள்தான் சுண்ணாம்பு கொண்டு போவாள். மட்டையால் அடித்துவிட்டு, கொல்லைப்புறமாக வந்துவிடுவாள். அப்படி எத்தனையோ பந்தல் பார்த்திருக்கிறாள். அன்றைக்கும் ஒரு கல்யாணம். தானியக்கடைச் செட்டியாருக்கு. உள்ளே பந்தி தொடங்கிவிட்டது, பக்கச் சுவர் மட்டும் பாக்கி. சுவரில் மட்டையை இழுத்துக்கொண்டே அவள் மணையில் உட்கார்ந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தாள். இழுத்த கை சட்டென்று நின்றது.

மட்டையைக் கீழே போட்டாள். கொல்லைப்புறம் போகவில்லை. நேராகப் பந்திக்குள் நுழைந்தாள்.

ராஜா முதல் இலையில் பாயசத்தில் இருந்தார். பாயசத்தில் இருக்கும்போது அவர் யாரையும் விரட்டமாட்டார். பக்கத்து இலையில் சீந்திலார்.

"சாமி! உயிர் வைத்தியத்தைக் கண்டுபுடிச்சுட்டேன்!" என்றாள் கூத்தாயி.

சீந்திலாருக்குப் புரை ஏறியது.

"கள்ளுமில்ல சாமி, கிண்ணமுமில்ல, திண்டுமில்ல. அறுபதாம் கல்யாணந்தான் மருந்து! நான் வெள்ளையடிச்ச பந்தல்ல மணையில உக்காந்த ஆளு ஒருத்தர்கூட அறுபதுக்குள்ள செத்ததில்ல. எல்லாரும் அறுபதைத் தாண்டித்தான் செத்தாங்க. மணையில உக்காராத எங்க தெரு ஆளுங்க ஒருத்தர்கூட அறுபதைப் பாத்ததில்ல. மருந்தை அறுபது வரைக்கும் வச்சிருந்து குடுக்குறீங்களே சாமி, அதுக்குள்ள நோயாளி போயிடுறானே! முன்னாடியே குடுங்க!"

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மந்திரி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அறுபது ஆனவருக்குத்தானே அறுபதாம் கல்யாணம், அப்புறம் அவர் எப்படி அறுபதுக்குள் சாவார் என்று ஒரு நூல் அவர் மண்டைக்குள் ஓடியது. அதைப் பிடிப்பதற்குள் சீந்திலார் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆஹா!" என்றார். கை எல்லாம் பாயசம். "நானும் இதைத்தான் சந்தேகப்பட்டேன் மகாராஜா! கல்யாண மாலையில் இருக்கிறது ஓர் ஓஷதி, உயிர் மூலிகை! கலசத் தண்ணீர் உச்சந்தலை வழியாக உள்ளே இறங்குகிறது!"

கூத்தாயி தந்திரம் செய்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அதை மனசார நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? வேறு எதுவும் மிச்சமில்லை.

ராஜாவும் நம்பினார். ஆனாலும் ராஜா அல்லவா, ஓர் எச்சரிக்கை வேண்டாமா?

"ஒரே ஓர் ஆளுக்குச் செய்து பார்ப்போம். உன் புருஷனுக்கே செய்வோம். பிழைத்தால் பிறகு யோசிக்கலாம்," என்றார்.

அடுத்த முகூர்த்தத்தில் காளவாய்த் தெருவில் பந்தல். அந்தத் தெரு தனக்கு வெள்ளையடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மொக்கையனைக் கட்டிலோடு தூக்கிவந்து மணைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தெரு முழுக்கச் சுற்றி நின்றது. அந்தக் கூட்டத்தில் இருமாத ஆள் இல்லை. மேளக்காரர் இருமல் நிற்கட்டும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. இருமலுக்குத் தகுந்தபடி வாசித்தார்.

"மாப்பிள்ளையை மணையில் உட்கார வையுங்கள்," என்றார் சீந்திலார்.

"உக்கார மாட்டேன்," என்றான் மொக்கையன்.

கூத்தாயி கட்டிலுக்கு ஓடினாள். "இந்தாய்யா! என்ன பேசுற? முகூர்த்தம் போகுது!"

"எனக்கு மட்டும் மருந்தா?" என்றான். அவன் பார்வை கூட்டத்தின்மேல் போனது. கூடவே பலகையில் நடந்தவர்கள், கூடவே குழியில் விழுந்தவர்கள், தூணில் கூடவே குனிந்தவர்கள். "நான் பொழைச்சுக் கெடப்பேன். இவங்க எல்லாம் போயிடுவாங்க. அப்புறம் சாயங்காலம் நான் யாரோட உக்காந்து குடிக்கிறது? அந்தப் பூனையோடவா? மகாராஜா, தெருவுக்கே தாலி கட்டச் சொல்லுங்க. இல்லன்னா கட்டிலைத் திருப்பச் சொல்லுங்க."

கூத்தாயி அவன் முகத்தையே பார்த்தாள். தை வரைக்கும் காப்பாற்றிக் கொண்டுவந்த உயிர். மணை ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவள் நினைத்தால் தள்ளி உட்கார வைத்துவிடலாம், அவனிடம் அவ்வளவு பலம்கூட இல்லை. அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, திருப்புங்க," என்றாள்.

நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள்.

ராஜாவுக்கு வியர்த்தது. பந்தலுக்குப் பின்னால் அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. ஏலக்காய் வாசனை வந்துவிட்டது. கட்டில் திரும்பினால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் பந்தி இல்லை. அது மட்டும்தானா என்றால், இல்லை என்றும் சொல்வார்கள். செத்துக்கொண்டிருக்கிற ஓர் ஆள் மருந்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தெருவைப் பார்த்ததை ராஜா அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் பார்த்த கிழவர்கள் எல்லாம் அடுத்தவன் அப்பளத்தைத்தான் பார்த்தார்கள்.

"இறக்குங்கள் கட்டிலை!" என்றார். "சரி, தெருவுக்கே நடக்கட்டும். ஆனால் வயதுக்கு ஓர் அளவு வேண்டும். தலையில் நரை விழுந்தவர்களுக்கு மட்டும்!"

மந்திரி நரை பார்க்கக் கிளம்பினார். முதல் ஆளைப் பார்த்தார், தலை வெள்ளை. இரண்டாவது ஆள், வெள்ளை. மூன்றாவது ஆள் நேற்று மீசை முளைத்தவன், அவனும் வெள்ளை. சுண்ணாம்புத் தெருவில் எந்தத் தலை கறுப்பாக இருக்கும்? ஓர் ஆட்டுக்குட்டிகூட வரிசையில் நின்றது, அதுவும் வெள்ளை. ஆட்டுக்குட்டியை மட்டும் மந்திரி கண்டுபிடித்து விலக்கினார்.

ஒண்டிப்புலி என்று ஒரு நாற்பது வயதுக்காரன் ஓடிவந்தான். "எனக்குப் பொண்டாட்டியே இல்லீங்களே! எனக்கு முதல் கல்யாணமே ஆகலையே! நான் சாகவேண்டியதுதானா?"

கூட்டத்தில் சடைச்சி என்று ஒருத்தி நின்றாள். புருஷன் வாரைப் பலகையிலிருந்து விழுந்து செத்தவள். "ஏன் கத்துற? இங்க வந்து உக்காரு. கல்யாணத்துக்கப்புறம் இப்படிக் கத்தினா எந்திரிச்சுப் போயிடுவேன்," என்றாள். ஒண்டிப்புலி அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க மெதுவாகத்தான் பேசினான்.

அன்றைக்குப் பூமாலை தீர்ந்துபோயிற்று. பூ தீர்ந்துபோயிற்று. மஞ்சள் தீர்ந்துபோயிற்று. கலசத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ராஜாவின் கை வலித்தது. கடைசி நாலு ஜோடிக்குக் குடத்தோடு கவிழ்த்தார். அப்புறம் காளவாய்த் தெருவில் முதல் முறையாக அவர் இலை விழுந்தது. மூன்று தடவை பாயசம் வாங்கினார். மொக்கையன் ஒரே ஓர் உருண்டை நெய்ச்சோறு சாப்பிட்டான். அது வெளியே வரவில்லை. கூத்தாயி அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கிணற்றில் விழுந்த வாளியைப் பார்க்கிற மாதிரி.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் புதுமணத் தம்பதி. யாரையும் வேலை வாங்க முடியாது. காளவாய் அணைந்து கிடந்தது. புகை அடங்கியது. தினமும் சுடுசோறும் குழம்பும் வந்தன. புதுக்கூரை வந்தது. அமாவாசைக்குச் சீந்திலார் வந்து நாடி பிடித்தார், கால் வெடிப்புக்குக் களிம்பு கொடுத்தார். தெரு தூங்கியது. பிறந்ததிலிருந்து பாக்கியிருந்த தூக்கத்தையெல்லாம் தூங்கியது.

மொக்கையனின் கால் வீக்கம் வடிந்தது. கண்ணில் மஞ்சள் குறைந்தது. தை வந்தது, போயிற்று. யாரும் கவனிக்கவில்லை, கல்யாணம்தான் ஏற்கெனவே ஆகிவிட்டதே.

கள்ளும் வந்துகொண்டுதான் இருந்தது, உத்தரவை ரத்து செய்ய ராஜா மறந்துவிட்டார். ஆனால் வண்டி பாதிக்கு மேல் அப்படியே திரும்பியது.

"ஏன்டா குடிக்கவில்லை? நிறுத்தினால் செத்துவிடுவாயே!" என்று பதறினார் சீந்திலார்.

"வயிறு நிறைஞ்சிருக்கு சாமி, எடமில்ல," என்றான் ஒருத்தன்.

"எங்கயும் எரியல. எதுக்குக் குடிக்கணும்னு மறந்துபோச்சு," என்றான் இன்னொருத்தன்.

"சாயங்காலம் ஒரு மொந்தை போதும். பேச்சுக்குத் தொட்டுக்க," என்றான் மொக்கையன்.

கொஞ்ச நாளில் ராஜாவின் மதில் பாதியில் நின்றது. சுண்ணாம்பு இல்லை. ஆனால் சட்டம் சட்டம்தான், புதுமாப்பிள்ளையைக் கூப்பிட முடியாது. ராஜா தெரு முனையில் நின்று தொண்டையைச் செருமினார். நெளிந்தார். கடைசியில் காளவாய்த் தெருக்காரர்களே இரக்கப்பட்டு, "உக்காந்து உக்காந்து எங்களுக்கும் கால் மரத்துப்போச்சு. வர்றோம். ஆனா சாப்பிட்டுட்டுத்தான் வருவோம், உச்சி வெயிலுக்கு முன்னாடி போயிடுவோம், காத்து எங்க பக்கம் திரும்பினா அன்னிக்கு வேலை கெடையாது," என்றார்கள். ராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கங்காணிக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனும் ஒரு நாள் தலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மந்திரி முன்னால் போய் நின்றான்.

சீந்திலார் மாலை வைத்தியத்தில் பெரிய பெயர் எடுத்தார். பக்கத்து நாட்டிலும் காளவாய் உண்டு, சாவும் உண்டு. அங்கிருந்து ஆள் வந்து கேட்டபோது வண்டி நிறைய மாலையும் கலசமும் அனுப்பினார். சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது மருந்தில் சேர்ந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அங்கே மாலையோடு செத்தார்கள். "அந்த நாட்டுப் பூ சரியில்லை," என்றார் சீந்திலார்.

கள் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது நாய். மேலத்தெருவில் மாமா மழவராயரையும் கடைசியில் அதுதான் கடித்தது, ஆனால் எண்பத்தைந்து வயதில், மெத்தையில், சுற்றி ஆட்கள் நின்று காலைப் பிடித்துவிட. கிழிந்த வேட்டியைக் கண்டால் மட்டும் அந்த நாய் தெருமுனையிலிருந்தே ஓடிவரும்.

மொக்கையன் நெடுங்காலம் இருந்தான். முதுகு வளைந்து, பல் போய், காது போய், ஒரு பின்மதியம் மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தெரு கூடியது. ஒண்டிப்புலி மெதுவாகக் கேட்டான்.

"அத்தை, மாமா எதுல போனாரு? இருமலா?"

"இல்ல," என்றாள் கூத்தாயி.

"குழியில விழுந்தாரா? நெருப்பு பட்டுச்சா? பசியா?"

"இல்ல, இல்ல. நல்லாத்தான் சாப்பிட்டாரு."

தெருவில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பெயர் இருந்தது. இதற்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. எல்லோரும் யோசித்தார்கள். சீந்திலார் வந்து கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாலும் பார்த்துவிட்டு, ஒரு தடவையாவது சரியாகச் சொன்னார்.

"வயதாகிப் போய்விட்டார்."

"வயசாகியா?" என்றாள் சடைச்சி. "அப்படியும் ஒரு சாவு இருக்கா?"

கூத்தாயி அழுதுகொண்டிருந்தவள், அழுகைக்கு நடுவிலேயே தலையை நிமிர்த்தித் தெருவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பெருமையாகத்தான் பார்த்தாள். "எங்க வீட்லதான் மொதல்ல," என்றாள்.

கதை இவ்வளவுதான், நீதி இதுதான்: ஒருவன் எத்தனை மொந்தை குடித்தான் என்று அளக்கப் போகும் முன், அவன் என்ன சாப்பிட்டான், எங்கே வேலை செய்தான், எப்போது படுத்தான் என்று கேட்டுவிட்டு அளக்க வேண்டும்.